'டர்ன் ஆஃப் இட்' ஏன் தப்பு? ஃபிரேசல் வெர்ப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலச் சொற்களை எல்லாம் உச்சரிப்பின்படி தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள். 'ஆஃப்' என்று வரும் இடமெல்லாம் இரண்டு எஃப் போட்டு எழுதும் சொல். அணைப்பது, விலகுவது என்ற பொருளில் வருவது. 'ஆவ்' என்று வருவது ஒரே எஃப் உள்ள சொல். அதன் கடைசி ஒலி 'வ்'. எழுதும்போது 'டர்ன் ஆஃப்' என்பதில் ஓர் எஃப்பை விட்டுவிடுவது சர்வ சாதாரணமாக நடக்கிற பிழை. இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள் என்பதால், பிழைதிருத்தும் மென்பொருளும் பல நேரம் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும்.

ஃபிரேசல் வெர்ப் என்றால் என்ன?

சாதாரண வினைச்சொல் ஒன்று, அதன் பின்னால் 'அப்', 'டவுன்', 'ஆன்', 'ஆஃப்', 'அவுட்' மாதிரி ஒரு சின்னச் சொல். இரண்டும் சேர்ந்து ஒரே வினையாக வேலை செய்தால் அது ஃபிரேசல் வெர்ப். அந்தச் சின்னச் சொல்லை இந்தப் பக்கத்தில் 'ஒட்டு' என்று சொல்லிக்கொள்வோம்.

'கிவ்' என்றால் கொடு. 'கிவ் அப்' என்றால் கைவிடு. கொடுப்பதற்கும் கைவிடுவதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. 'அப்' ஒட்டியதும் புது வினை பிறந்துவிட்டது. எல்லா இடத்திலும் பொருள் இவ்வளவு தூரம் போவதில்லை. 'சிட் டவுன்' என்றால் உட்கார், அவ்வளவுதான். சில வினைகளுக்கு இரண்டு ஒட்டு வரும்: 'புட் அப் வித்' என்றால் சகித்துக்கொள், 'ரன் அவுட் ஆவ்' என்றால் ஒரு பொருள் நம்மிடம் தீர்ந்துபோவது.

தமிழில் இப்படி ஏதாவது உண்டா? ஒப்பிட்டுப் புரிந்துகொள்ள முடியுமா?

உண்டு. நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கிறோம், கவனிப்பதில்லை. 'எழுது' என்ற ஒரு சொல்லை எடுங்கள். எழுதிவிடு, எழுதிவை, எழுதிக்கொள், எழுதிப்பார், எழுதித்தள்ளு. 'எழுதித்தள்ளு' என்பதில் யாரும் எதையும் கையால் தள்ளுவதில்லை. 'எழுதிவை' என்பதில் எதையும் தூக்கி ஓர் இடத்தில் வைப்பதில்லை. துணைவினை தன் நேர்ப்பொருளைக் கழற்றிவிட்டு, செயல் எப்படி நடந்தது, எதற்காக நடந்தது என்பதைக் காட்டுகிறது.

ஆங்கில ஒட்டும் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்கிறது. 'ஈட்' என்றால் சாப்பிடு. 'ஈட் அப்' என்றால் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிடு. 'யூஸ்' என்றால் பயன்படுத்து. 'யூஸ் அப்' என்றால் பயன்படுத்தித் தீர்த்துவிடு. 'ரைட் டவுன்' நம் 'எழுதிவை'க்கு மிகப் பக்கத்தில் நிற்கிறது. 'கீப் ஆன் டாக்கிங்' என்பது 'பேசிக்கொண்டே இரு'.

ஆனால் ஒன்றுக்கு ஒன்று என்று பட்டியல் போட்டுவிடாதீர்கள். அதே 'விடு' 'தூக்கிப் போட்டுவிடு' என்பதில் 'த்ரோ அவே' ஆகிறது, 'அணைத்துவிடு' என்பதில் 'டர்ன் ஆஃப்' ஆகிறது. ஒப்பீடு மனத்தடையைப் போக்கும். மொழிபெயர்ப்புச் சூத்திரமாக உதவாது.

'லைட்டை ஆஃப் பண்ணு' என்பதை 'ஆஃப் த லைட்' என்று சொன்னால் ஏன் தப்பு?

தமிழ் பேசுவோரின் ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் பிழை இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

'ஆஃப் பண்ணு' என்று சொல்லும்போது வினை 'பண்ணு'. 'ஆஃப்' அதற்கு முன்னால் நிற்கும் இரவல் சொல். இதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது 'பண்ணு' தமிழ்ச்சொல் என்று கழற்றிவிடுகிறோம். மிஞ்சுவது 'ஆஃப்' மட்டும், அதையே வினையாக நிறுத்துகிறோம். ஆங்கிலத்தில் இந்தப் பொருளில் 'ஆஃப்' வினை அல்ல, ஒட்டு. வினை போன இடம் காலியாக இருக்கிறது. அங்கே 'டர்ன்' அல்லது 'ஸ்விட்ச்' வர வேண்டும்: 'டர்ன் ஆஃப் த லைட்', 'ஸ்விட்ச் ஆன் த ஃபேன்'. ஏற்கெனவே அணைந்திருக்கிறது என்று நிலையைச் சொல்ல 'த லைட் இஸ் ஆஃப்' போதும்.

தண்ணீர்க் குழாய்க்கும் இதே 'டர்ன் ஆன்', 'டர்ன் ஆஃப்'தான். 'ஓபன் த டேப்' என்றால் புரியும், ஆனால் இயல்பாக இராது. ஒலியைக் கூட்டக் குறைக்க 'டர்ன் அப்', 'டர்ன் டவுன்'.

தொலைபேசியில் இதைவிடச் சிக்கல் அதிகம். 'போனை வை' என்பதை 'கீப் த ஃபோன்' என்று சொன்னால், கேட்பவர் 'போனை நீயே வைத்துக்கொள்' என்று புரிந்துகொள்வார். 'வை' என்ற ஒரே தமிழ்ச்சொல்லுக்கு இருக்கும் இரண்டு பொருளில் தவறானது போய்ச் சேர்ந்துவிட்டது. சரியானது 'ஹேங் அப்'. பழைய சுவர்த் தொலைபேசியில் பேசி முடித்ததும் ரிசீவரைக் கொக்கியில் மாட்டுவார்கள். அந்த 'மாட்டு' இன்னும் மொழியில் இருக்கிறது. 'புட் த ஃபோன் டவுன்' என்றும் சொல்லலாம். இங்கே ஒட்டு மாறினால் காரியமே கெடும்: 'ஹேங் ஆன்' என்றால் 'கொஞ்சம் இருங்கள், வைத்துவிடாதீர்கள்'. எதிர்முனையில் இருப்பவரைக் காத்திருக்கச் சொல்ல நினைத்து 'ப்ளீஸ் ஹேங் அப்' என்றால் அவர் வைத்துவிட்டுப் போய்விடுவார்.

'டர்ன் இட் ஆஃப்' சரி, 'டர்ன் ஆஃப் இட்' தப்பு. ஆனால் 'டர்ன் ஆஃப் த லைட்' மட்டும் எப்படிச் சரி?

பிரியக்கூடிய ஃபிரேசல் வெர்ப்பில் செயப்படுபொருளை இரண்டு இடத்தில் வைக்கலாம். 'டர்ன் ஆஃப் த லைட்', 'டர்ன் த லைட் ஆஃப்' இரண்டும் சரி. ஆனால் செயப்படுபொருள் 'இட்', 'தெம்', 'ஹிம்', 'ஹர்', 'மி', 'அஸ்' போன்ற பிரதிப்பெயராக இருந்தால் அது நடுவில்தான் வர வேண்டும். 'டர்ன் இட் ஆஃப்', 'பிக் தெம் அப்', 'கால் மி பேக்'. இதில் விதிவிலக்குத் தேட வேண்டியதில்லை.

காரணமும் உண்டு. ஆங்கிலத்தில் வாக்கியத்தின் கடைசி இடம் புதுச் செய்திக்கானது, அழுத்தமும் அங்கேதான் விழும். 'இட்' என்றால் இருவருக்கும் ஏற்கெனவே தெரிந்த பொருள். அதற்குக் கடைசி இடம் தேவையில்லை. அதனால் உள்ளே ஒதுங்கிக்கொள்கிறது, 'ஆஃப்' கடைசிக்கு வந்து அழுத்தம் வாங்குகிறது.

இதே காரணத்தால் செயப்படுபொருள் நீளமாக இருந்தால் பிரிக்காமல் இருப்பது நல்லது. 'டர்ன் ஆஃப் ஆல் த லைட்ஸ் ஆன் த செகண்ட் ஃப்ளோர்' என்பது காதுக்குச் சுகம். 'டர்ன்' என்று தொடங்கி, அத்தனை சொல்லையும் கடந்து கடைசியில் 'ஆஃப்' போட்டால், எதைத் திருப்பச் சொல்கிறோம் என்று கேட்பவர் காத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எது பிரியும், எது பிரியாது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் அகராதி. கற்போருக்கான ஆங்கில அகராதிகள் செயப்படுபொருளின் இடத்தை 'சம்திங்', 'சம்படி' என்ற சொற்களின் சுருக்கத்தால் காட்டும். அந்தச் சுருக்கம் நடுவிலும் கடைசியிலும் இரண்டு விதமாகவும் கொடுக்கப்பட்டிருந்தால் பிரியும். கடைசியில் மட்டும் இருந்தால் பிரியாது. எங்குமே இல்லாவிட்டால் செயப்படுபொருளே வராது. பொருளைப் பார்க்கும் அதே நேரத்தில் இதையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் தனியாகப் படிக்கும் வேலை மிச்சம்.

இரண்டாவது, காது. பிரியும் வகையில் அழுத்தம் ஒட்டின் மேல் விழும்: 'டர்ன் இட் *ஆஃப்*', 'லுக் இட் *அப்*'. பிரியாத வகையில் பெரும்பாலும் வினையின் மேல் விழும்: '*லுக்* அட் இட்', '*லுக்* ஃபார் இட்', '*லுக்* ஆஃப்டர் ஹர்'. ஒரே 'லுக்' எப்படி நடந்துகொள்கிறது பாருங்கள். சொல்லை அகராதியில் தேடினால் 'லுக் இட் அப்'. சும்மா பார்த்தால் 'லுக் அட் இட்'. தொலைந்ததைத் தேடினால் 'லுக் ஃபார் இட்'. 'லுக் ஹர் ஆஃப்டர்' என்று ஒருபோதும் வராது.

இரண்டு ஒட்டு உள்ளவை பெரும்பாலும் பிரிவதில்லை. 'ஐ காண்ட் புட் அப் வித் இட்' என்று செயப்படுபொருள் கடைசியில்தான் நிற்கும்.

'ஐ வாஸ் க்ரோன் அப் இன் எ வில்லேஜ்' என்று எழுதினேன், தப்பு என்கிறார்கள்.

தப்புதான். இதற்குத் தமிழ் இலக்கணமே விடை சொல்லும். 'வளர்ந்தேன்' தன்வினை, 'வளர்த்தார்' பிறவினை. 'க்ரோ அப்' என்பது வளர்தல். அதற்குச் செயப்படுபொருள் கிடையாது, செயப்பாட்டு வடிவமும் கிடையாது. 'ஐ க்ரூ அப் இன் எ வில்லேஜ்'. 'ப்ரிங் அப்' என்பது வளர்த்தல்: 'மை ஆன்ட் ப்ராட் மி அப்', 'ஐ வாஸ் ப்ராட் அப் பை மை ஆன்ட்'.

ஒட்டுக்குத் தனியாகப் பொருள் உண்டா, அல்லது ஒவ்வொன்றையும் மனப்பாடம்தான் செய்ய வேண்டுமா?

முழுக்க மனப்பாடம் என்பது சரியல்ல. ஒவ்வொரு ஒட்டுக்கும் ஒரு நேர்ப்பொருள் உண்டு, அதிலிருந்து கிளைத்த சில பொருள்கள் உண்டு. அவற்றைப் பிடித்துக்கொண்டால், முன்பின் பார்க்காத ஃபிரேசல் வெர்ப்பையும் ஓரளவு ஊகிக்கலாம்.

'அப்' மேல்நோக்கிப் போவது. அதிலிருந்து கூடுவது: 'ஸ்பீடு அப்', 'ஸ்பீக் அப்'. நிரம்பி வழியும் அளவுக்குப் போனால் முடிந்தது என்று அர்த்தம்: 'யூஸ் அப்', 'டிரிங்க் அப்'. கண்ணில் படும் உயரத்துக்கு வருவது, அதாவது தோன்றுவது: 'ஷோ அப்', 'டர்ன் அப்'. கிழித்துத் துண்டாக்குவதும் உண்டு: 'டேர் அப்'.

'டவுன்' அதற்கு எதிர். குறைவது 'ஸ்லோ டவுன்', 'காம் டவுன்'. இயக்கம் நின்றுபோவது 'பிரேக் டவுன்', 'ஷட் டவுன்'. தாளில் இறக்கி வைப்பது 'ரைட் டவுன்', 'நோட் டவுன்'. கட்டடம் எரிந்து சாய்ந்தால் 'பர்ன் டவுன்', ஏனென்றால் கடைசியில் அது தரைக்கு வந்துவிடுகிறது.

'அவுட்' வெளியே. உள்ளே மறைந்திருந்தது வெளியே வந்தால் 'ஃபைன்ட் அவுட்'. கணக்குக்கு விடை வந்தால் 'வொர்க் அவுட்'. சரக்கு வெளியே போய்த் தீர்ந்தால் 'செல் அவுட்'. பலர் கைக்குப் போனால் 'ஹேண்ட் அவுட்'. விளக்கோ நெருப்போ இல்லாமல் போனாலும் 'கோ அவுட்'.

'ஆன்' ஒட்டியிருப்பது, அதனால் தொடர்வது: 'கேரி ஆன்', 'கோ ஆன்'. 'பேக்' திரும்ப. 'ஓவர்' ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்துவிடுவது: 'கோ ஓவர் த ரிப்போர்ட்', 'திங்க் இட் ஓவர்'.

'ஆஃப்' கொஞ்சம் வம்பு. அடிப்படை, விலகுவது. சட்டை உடம்பைவிட்டு விலகினால் 'டேக் ஆஃப்', மின்சாரம் விலகினால் 'டர்ன் ஆஃப்'. ஆனால் 'த லைட் வென்ட் ஆஃப்' என்றால் விளக்கு அணைந்தது, 'த அலாரம் வென்ட் ஆஃப்' என்றால் அலாரம் அடித்தது. ஒன்று நிற்கிறது, மற்றது தொடங்குகிறது. அலாரத்தை இழுத்துக் கட்டிவைத்த விசையாக நினைத்துப் பாருங்கள். கட்டு விலகியதும் அடிக்கிறது. வெடி வெடித்தாலும் 'வென்ட் ஆஃப்'தான். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் பால் கெட்டுப்போனாலும் 'வென்ட் ஆஃப்' என்பார்கள். நல்ல நிலையைவிட்டு விலகிவிட்டது.

வினையை மாற்றாமல் ஒட்டை மட்டும் மாற்றிப் பார்ப்பது நல்ல பயிற்சி. 'கட்' ஒன்றையே எடுங்கள். மரத்தை அடியோடு வெட்டிச் சாய்த்தால் 'கட் டவுன்'. சாய்ந்த மரத்தைத் துண்டு போட்டால் 'கட் அப்'. நிற்கும் மரத்தில் ஒரு கிளையை மட்டும் வெட்டி எடுத்தால் 'கட் ஆஃப்'. கிளைகளைக் கத்தரித்துச் சின்னதாக்கினால் 'கட் பேக்'. அந்த மரத்தின் படத்தைத் தாளிலிருந்து வெட்டி எடுத்தால் 'கட் அவுட்'. கத்தி ஒன்றுதான், ஐந்து செயலையும் ஒட்டு பிரித்துக் காட்டிவிடுகிறது.

பேருந்திலிருந்து இறங்க 'கெட் டவுன்' சொல்லலாமா?

'இறங்கு' என்பதில் கீழே போவது இருக்கிறது, அதனால் கை தானாக 'டவுன்' பக்கம் போகிறது. ஆங்கிலம் கீழே போவதைப் பார்ப்பதில்லை. எப்படிப்பட்ட வண்டி என்று பார்க்கிறது. உள்ளே நின்று நடக்க முடிகிற வண்டி என்றால், அதாவது பேருந்து, ரயில், விமானம், கப்பல், 'கெட் ஆன்', 'கெட் ஆஃப்'. சைக்கிள், குதிரை போல் மேலே ஏறி உட்காருவதற்கும் அதேதான். கார் போலக் குனிந்து உள்ளே நுழைந்து உட்கார வேண்டியது என்றால் 'கெட் இன்', 'கெட் அவுட் ஆவ்'. 'ஐ காட் ஆஃப் த பஸ் அண்ட் காட் இன்டு எ டாக்ஸி'. 'கெட் டவுன்' ஏணி, மரம், சுவர் ஆகியவற்றிலிருந்து இறங்க.

'வேக் அப்', 'கெட் அப்' வித்தியாசம்? 'புட் ஆன்', 'வேர்' வித்தியாசம்?

கண் விழிப்பது 'வேக் அப்'; படுக்கையைவிட்டு எழுவது 'கெட் அப்'. ஆறு மணிக்கு 'வேக் அப்' செய்து ஏழு மணிக்கு 'கெட் அப்' செய்யலாம்.

'புட் ஆன்' என்பது உடுத்தும் செயல், சில நொடிகளில் முடிந்துவிடும். 'வேர்' என்பது உடுத்தியிருக்கும் நிலை. 'ஷி புட் ஆன் ஹர் கோட் அண்ட் லெஃப்ட்'. 'ஷி வாஸ் வேரிங் எ ரெட் கோட்'. கண்ணாடி, செருப்பு, கடிகாரம் எல்லாவற்றுக்கும் இப்படியே.

கூட்டத்தை 'கால் ஆஃப்' செய்தார்களா, 'புட் ஆஃப்' செய்தார்களா? இரண்டும் ஒன்றா?

இல்லை. 'கால் ஆஃப்' என்றால் ரத்து. 'புட் ஆஃப்' என்றால் ஒத்திவைப்பு, இன்னொரு நாள் நடக்கும். 'த இன்டர்வியூ ஹேஸ் பீன் புட் ஆஃப்' என்று செய்தி வந்ததை ரத்து என்று படித்தவர், புதுத் தேதியைக் கேட்காமலே இருந்துவிடுவார். எழுதுபவர் பக்கத்திலிருந்தும் ஒரு நல்ல பழக்கம்: 'புட் ஆஃப்' என்று எழுதினால் பின்னாலேயே 'டில்' போட்டுத் தேதியைச் சேர்த்துவிடுங்கள். 'புட் ஆஃப் டில் மண்டே' என்றால் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

ஒரே ஃபிரேசல் வெர்ப்புக்குப் பல பொருள் இருந்தால் எதை எடுப்பது?

பக்கத்தில் நிற்கும் பெயர்ச்சொல்லைப் பாருங்கள், அதுவே சொல்லிவிடும். 'பிக் அப்' பின்னால் பேனா வந்தால் கீழே கிடப்பதை எடுப்பது. குழந்தையும் பள்ளியும் வந்தால் போய் அழைத்துவருவது. மொழி வந்தால் வகுப்புக்குப் போகாமல் புழக்கத்திலேயே கற்றுக்கொள்வது: 'ஷி பிக்டு அப் ஸ்பானிஷ் இன் எ இயர்'. வியாபாரம் எழுவாயாக வந்தால் சூடு பிடிப்பது: 'பிசினஸ் இஸ் பிக்கிங் அப்'.

இன்னும் சிக்கலானது 'மேக் அப்'. கதை வந்தால் இட்டுக்கட்டுவது. 'மைண்ட்' வந்தால் முடிவெடுப்பது. சண்டை போட்ட இரண்டு பேர் எழுவாயாக வந்து, செயப்படுபொருள் இல்லாமல் நின்றால் சமாதானமாவது. பின்னால் 'ஃபார்' சேர்ந்தால் ஈடுசெய்வது. எனவே குறிப்பேட்டில் 'மேக் அப்' என்று மட்டும் எழுதாதீர்கள். 'மேக் அப் எ ஸ்டோரி', 'மேக் அப் யுவர் மைண்ட்' என்று பெயர்ச்சொல்லோடு சேர்த்து எழுதுங்கள்.

'லுக்கிங் ஃபார்வர்டு டு மீட் யூ' சரியா?

'மீட்டிங்' வர வேண்டும். இங்கே 'டு' முன்னிடைச்சொல் (பிரெபொசிஷன்), அதனால் பின்னால் பெயர்ச்சொல்லோ 'இங்' வடிவமோதான் வரும். சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் ஒரு பெயர்ச்சொல்லைப் போட்டுப் பாருங்கள். 'லுக்கிங் ஃபார்வர்டு டு த ஹாலிடேஸ்' பொருந்துகிறது. அப்படியானால் வினைக்கு 'இங்'.

'கிவ் அப் ஸ்மோக்கிங்', 'கீப் ஆன் ட்ரையிங்', 'புட் ஆஃப் கோயிங்' எல்லாம் 'இங்'தான். 'கோ ஆன்' மட்டும் 'இங்', 'டு' இரண்டையும் எடுக்கும், பொருள் மாறும். 'ஹி வென்ட் ஆன் டாக்கிங்' என்றால் பேசிக்கொண்டே போனார். 'ஹி வென்ட் ஆன் டு டாக் அபவுட் மணி' என்றால் வேறு எதையோ முடித்துவிட்டு, அடுத்ததாகப் பணத்தைப் பற்றிப் பேசினார்.

இறந்தகாலத்தில் எதை மாற்றுவது?

வினையை மட்டும். ஒட்டு எந்தக் காலத்திலும் மாறாது. 'பிக்டு அப்', 'கேவ் அப்', 'ரேன் அவுட்', 'ப்ரோக் டவுன்', 'ஹங் அப்'. 'புட்', 'செட்', 'கட்', 'ஷட்' நான்குக்கும் நிகழ்காலமும் இறந்தகாலமும் ஒரே வடிவம். 'இங்' சேர்க்கும்போது டி எழுத்து இரட்டிக்கும்.

அலுவலக மின்னஞ்சலில் ஃபிரேசல் வெர்ப் எழுதலாமா?

தாராளமாக. ஃபிரேசல் வெர்ப் என்றாலே கொச்சை என்று நினைப்பது தவறு. 'கேரி அவுட்', 'செட் அப்', 'பாயின்ட் அவுட்', 'ட்ரா அப்' எல்லாம் ஆய்வுக் கட்டுரையிலும் ஒப்பந்தத்திலும் வருபவை. தவிர்க்க வேண்டியவை நண்பர்களிடம் மட்டும் பேசும் 'ஹேங் அவுட்', 'சில் அவுட்', 'மெஸ் அப்' போன்றவை.

இந்த எண்ணம் வந்ததற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1066ல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு பிரெஞ்சு ஆட்சிமொழி ஆனது. நீதிமன்றம், நிர்வாகம், கல்வி எல்லாம் பிரெஞ்சிலும் லத்தீனிலும் நடந்தன. 'போஸ்ட்போன்', 'டாலரேட்', 'இன்வெஸ்டிகேட்' போன்ற சொற்கள் லத்தீன் வேரிலிருந்து வந்தவை. 'புட் ஆஃப்', 'புட் அப் வித்', 'லுக் இன்டு' ஆகியவை வீட்டிலும் வயலிலும் பேசிய மண்ணின் சொற்களால் ஆனவை. அந்த மேல் கீழ் இன்றும் காதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. வீட்டில் நெருப்பை அணைக்கச் சொல்ல 'எக்ஸ்டிங்விஷ் த ஃபயர்' என்றால் அறிவிப்புப் பலகை பேசுவது போலிருக்கும். 'புட் அவுட் த ஃபயர்' என்பதுதான் பேச்சு. நம்மில் பலர் எழுத்து வழியே ஆங்கிலம் கற்றதால் கனமான சொல் முதலில் நினைவுக்கு வருகிறது. பேசும்போது அதை இறக்கிவைக்கப் பழக வேண்டும்.

வேற்று மொழியினருக்கு இது கடினம் என்பது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. சாமுவேல் ஜான்சன் 1755ல் வெளியிட்ட அகராதியின் முன்னுரையிலேயே, வினையோடு சின்னச் சொல் சேர்ந்து பொருள் மாறும் இந்த வழக்கம் அயல்மொழியினருக்குப் பெரும் தொல்லை என்று எழுதிவைத்திருக்கிறார்.

தேவையில்லாத இடத்தில் ஒட்டுப் போடுவது பிழையா?

பிழைதான், அதிகம் நடப்பதும் கூட. 'கோப் அப் வித்' என்று ஒன்று இல்லை. 'கோப் வித்' மட்டுமே. 'கீப் அப் வித்' என்பதன் 'அப்' இங்கே வந்து ஒட்டிக்கொண்டது. 'டிஸ்கஸ் அபவுட்' இல்லை. 'டாக் அபவுட்' பார்த்து வந்தது. 'டிஸ்கஸ்' என்பதிலேயே 'பற்றிப் பேசு' முழுதாக இருக்கிறது. 'ரிட்டர்ன் பேக்' என்பதில் திரும்புதல் இரண்டு முறை வந்துவிடுகிறது.

படிவத்தை 'ஃபில் அப்' என்று பலர் சொல்கிறார்கள். பிரிட்டிஷ் வழக்கு 'ஃபில் இன்', அமெரிக்க வழக்கு 'ஃபில் அவுட்'. 'ஃபில் அப்' வாளி, தொட்டி, எரிபொருள் ஆகியவற்றுக்கு என்று வைத்துக்கொண்டால் குழப்பம் இராது.

'பாஸ் அவுட்' தனிக் கவனம் தேவைப்படுவது. இந்திய ஆங்கிலத்தில் படித்து முடித்து வெளிவருவது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அன்றாடப் பேச்சில் மயங்கி விழுவது. பிரிட்டனில் ராணுவப் பயிற்சி முடித்து வெளியேறுவதற்கும் அதே சொல் உண்டு. அதனால் வெளிநாட்டு நிறுவனத்துக்கு அனுப்பும் விண்ணப்பத்தில் 'கிராஜுவேட்டெட் இன் 2019' என்று எழுதுவதே பாதுகாப்பு.

ஆயிரக்கணக்கில் இருக்கின்றனவே, எங்கிருந்து தொடங்குவது?

ஆயிரக்கணக்கில் இருப்பது உண்மை, ஆனால் புழக்கம் சிலவற்றின் மேல்தான் குவிந்திருக்கிறது. டீ கார்ட்னர், மார்க் டேவிஸ் என்ற மொழி ஆய்வாளர்கள் இருவரும் 10 கோடிச் சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸ் என்ற தொகுப்பை ஆராய்ந்து 2007ல் முடிவை வெளியிட்டார்கள். வெறும் 20 வினைகள் 8 ஒட்டுகளோடு சேர்ந்து வருபவையே அந்தத் தொகுப்பிலுள்ள ஃபிரேசல் வெர்ப்புகளில் பாதிக்கு மேல். 'கோ', 'கம்', 'டேக்', 'கெட்', 'புட்', 'செட்', 'டர்ன்', 'லுக்' எல்லாம் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை.

ஆகவே அகர வரிசைப் பட்டியலை வாங்கி முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள். அரிதானவையும் அன்றாடத்தவையும் அதில் சரிசமமாகக் கலந்து கிடக்கும். 'புட் ஆஃப், புட் ஆன், புட் அவுட், புட் அவே' என்று ஒரே வினையை ஒரே நாளில் அடுக்கிப் படிப்பதும் ஆபத்து. ஒன்றுபோல ஒலிப்பதால் மறுநாள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும். கட் உதாரணம் போல ஒரே பொருளை வைத்துக் காட்சியாக வித்தியாசம் பார்க்க முடிந்தால் மட்டும் சேர்த்துப் படியுங்கள்.

பலன் தரும் வழி, சூழலாகச் சேர்ப்பது. காலையில் நடப்பதை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: அலாரம் 'கோஸ் ஆஃப்', நீங்கள் 'வேக் அப்', 'டர்ன் இட் ஆஃப்', 'கெட் அப்', 'புட் ஆன் யுவர் ஷூஸ்', 'செட் ஆஃப்'. ஆறும் ஒரே கதையில் வந்துவிட்டன, பொருளும் ஒன்றோடொன்று மோதவில்லை. ஒரு நாளைக்கு மூன்று போதும். ஒவ்வொன்றையும் ஒரு முறை வாய்விட்டுச் சொல்லுங்கள், செயப்படுபொருள் எடுப்பதானால் 'இட்' அல்லது 'தெம்' சேர்த்து. ஒட்டின் இடமும் அழுத்தமும் அப்போதே நாக்கில் பழகிவிடும்.

'லாகின்' ஒரே சொல்லா, இரண்டு சொல்லா?

வினையானால் இரண்டு: 'லாக் இன் டு யுவர் அக்கவுன்ட்'. பெயரானால் ஒன்று: 'யுவர் லாகின் ஹேஸ் எக்ஸ்பயர்டு'. 'செட் அப்', 'பேக் அப்', 'செக் அவுட்', 'பிரேக் டவுன்' எல்லாவற்றுக்கும் இதே வழக்கம். பேச்சிலும் வித்தியாசம் கேட்கும். வினையில் அழுத்தம் ஒட்டின் மேல், பெயரில் முதல் பகுதியின் மேல். எழுதும்போது சந்தேகம் வந்தால் இறந்தகாலத்துக்கு மாற்றிப் பாருங்கள். 'லாக்டு இன்' என்று நடுவில் மாற்ற முடிகிறது என்றால் அது வினை, இடைவெளி விட்டு எழுதுங்கள்.

ஒட்டு முன்னால் வந்து ஒட்டிக்கொண்டால் அது வேறு சொல்லாகவே ஆகிவிடும் என்பதையும் கவனியுங்கள். 'டேக் ஓவர்' என்றால் பொறுப்பை ஏற்பது, 'ஓவர்டேக்' என்றால் வண்டியை முந்துவது. 'லுக் ஓவர்' என்றால் ஒரு முறை பார்வையிடுவது, 'ஓவர்லுக்' என்றால் பார்க்கத் தவறுவது. 'ப்ளீஸ் லுக் ஓவர் த ரிப்போர்ட்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'ப்ளீஸ் ஓவர்லுக் த ரிப்போர்ட்' என்று போனால், அறிக்கையைக் கண்டுகொள்ளாமல் விடச் சொன்னதாகிவிடும்.